கீகேப்புல ஒரு சின்னம்: பிளாஸ்டிக்குக்குக் காசு குடுக்கப் போறீங்களா, கோட்டுக்குக் காசு வாங்கப் போறீங்களா?



உங்க கீபோர்டுல 4 இருக்கிற கீயை ஒரு தடவை பாருங்க. டாலர் குறி கண்டிப்பா இருக்கும். இந்தியாவுல வித்த கீபோர்டுன்னா ஓரத்துல சின்னதா ஒரு ₹ இருக்கவும் வாய்ப்பு இருக்கு. அந்த ₹ சின்னத்தை வரைஞ்சவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், டி. உதயகுமார். 2010 ஜூலை 15-ம் தேதி மத்திய அமைச்சரவை அதுக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. பரிசுத் தொகை 2.5 லட்சம் ரூபாய். பதிலுக்கு, அந்தச் சின்னத்தோட பதிப்புரிமை முழுசா அரசாங்கத்துக்குப் போயிடுச்சு.

நாட்டுக்காக வரைஞ்ச சின்னம், அதனால அந்த ஏற்பாடு சரிதான். ஆனா சம்பளக்காரங்களான நமக்கு அதுல ஒரு பாடம் இருக்கு. ஒரு கீயில பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை. அது மேல இருக்கிற கோட்டுக்கு வேற விலை. அந்தக் கோடு யாருக்குச் சொந்தம்ங்கிறது மூணாவது விஷயம். இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா, கஸ்டம் கீகேப்ங்கிறது உங்க பர்ஸைக் காலி பண்ற ஹாபியா இருக்காது. மாசம் கொஞ்சம் வரவு தர்ற வேலையாவும் மாறலாம்.

இந்தக் கட்டுரையை நான் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை பக்கம் இருந்து வேலை பார்க்கிறவங்களை மனசுல வச்சு எழுதுறேன். மத்தளம்பாறையில ஸோஹோ வந்த பிறகு, "சாஃப்ட்வேர்னா சென்னை, பெங்களூரு" அப்படிங்கிற கணக்கு மாறிடுச்சு. வாடகை குறைவு, டிராஃபிக்ல போற நேரம் மிச்சம். அந்த மிச்ச நேரத்துல செய்யக்கூடிய வேலை இது. வரைஞ்ச ஃபைல் போய்ச் சேர கூரியரும் வேண்டாம், கடை வாடகையும் வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

மெக்கானிக்கல் கீபோர்டு நமக்குப் புதுசு இல்ல. பில்லிங் கவுன்டர்லயும் அலுவலகங்கள்லயும் "டக் டக்"னு சத்தம் போடுற டி.வி.எஸ். கோல்டு கீபோர்டைப் பார்த்திருப்பீங்க. அதுல பல வருஷமா இருந்தது செர்ரி எம்.எக்ஸ். புளூ சுவிட்ச். டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் பிறகு ₹ அச்சடிச்ச 'கோல்டு பாரத்' கீபோர்டையும் கொண்டு வந்துச்சு. செர்ரி எம்.எக்ஸ். சுவிட்ச்சோட தலையில கூட்டல் குறி மாதிரி ஒரு தண்டு இருக்கும். இன்னைக்குச் சந்தையில கிடைக்கிற பெரும்பாலான கஸ்டம் கீகேப் அந்தத் தண்டுல உட்கார்ற மாதிரிதான் வருது.

இங்கதான் ஆசை ஆரம்பிக்குது. வெளிநாட்டு செட் ஒண்ணு கண்ணுல படும். சிலது 'குரூப் பை' முறையில விக்கும். அதாவது, முதல்ல மொத்தப் பணத்தையும் கட்டணும். போதுமான ஆட்கள் சேர்ந்த பிறகுதான் உற்பத்தி. பொருள் கைக்கு வர பல மாசம் ஆகலாம். அதுவரைக்கும் உங்க பணத்துக்கு வட்டி கிடையாது. அது மேல கூரியர், சுங்க வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?

இதையே கிரெடிட் கார்டுல வாங்கி, பில்லை முழுசா கட்டாம இழுத்தா இன்னும் மோசம். மாசம் 3.5% வட்டி போடுற கார்டுன்னா, கூட்டு வட்டியை விட்டுட்டாலும் வருஷத்துக்கு 42%. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு இவ்வளவு வட்டி தேவையா?

முழு செட்டையும் வாங்காம, உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுற ஆறு கீயை மட்டும் யோசிங்க. மீட்டிங்ல மைக் மியூட், ஸ்கிரீன் லாக், ஸ்கிரீன்ஷாட், கால்குலேட்டர், ₹, தமிழ்-இங்கிலீஷ் மொழி மாற்றம். இந்த ஆறுக்கும் சின்னம் நீங்களே வரையலாம்.

ஒரு எச்சரிக்கை: கீ மேல ₹ அச்சடிச்சா மட்டும் ₹ வந்துடாது. விண்டோஸ்ல 'இங்கிலீஷ் (இந்தியா)' லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து, வலது பக்க ஆல்ட் கீயோட 4 அழுத்தினாதான் வரும். மைக் மியூட் மாதிரியான கீ வேணும்னா உங்க கீபோர்டுல கீயை மாத்தி அமைக்கிற வசதி இருக்கானு முதல்ல பாருங்க. முதல்ல கீ வேலை செய்யட்டும், அப்புறம் படம்.

சுத்தமான சின்னம்னா என்ன?

₹ ஏன் ஜெயிச்சதுனு பாருங்க. தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒரே உருவத்துல சேர்ந்திருக்கு. ஆர் எழுத்தோட நெட்டுக்கோடு கிடையாது. மேல ரெண்டு படுக்கைக் கோடு, நடுவுல ஒரு வெள்ளை இடைவெளி. அவ்வளவுதான். நிழல் இல்ல, அலங்காரம் இல்ல. சுவர் முழுக்க வரைஞ்சாலும் ₹தான், கீ ஓரத்துல வரைஞ்சாலும் ₹தான். வரைஞ்சவர் கட்டடக்கலை படிச்சிட்டு, மும்பை ஐ.ஐ.டி.யில வடிவமைப்பு படிச்சவர். அங்கே அவரோட முனைவர் பட்ட ஆய்வு தமிழ் எழுத்துருவியல் பத்தினது. எழுத்தைக் கட்டடம் மாதிரி அளந்து பார்த்த கை அது.

வெளியுலகத்துல இன்னொரு உதாரணம். 1984-ல வந்த மேகின்டோஷ் கம்ப்யூட்டர்ல கமாண்ட் குறிக்கு முதல்ல ஆப்பிள் லோகோவைத்தான் போட்டிருந்தாங்க. மெனு முழுக்க லோகோவா இருக்கேனு ஸ்டீவ் ஜாப்ஸ் வேண்டாம்னு சொல்லிட்டார். சூசன் கேர் அப்படிங்கிற வடிவமைப்பாளர் சின்னங்களுக்கான ஒரு அகராதியைப் புரட்டி, நாலு மூலையிலயும் வளையம் உள்ள ஒரு குறியை எடுத்தாங்க. ஸ்வீடன்ல பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டுற குறி அது. இன்னைக்கும் ஆப்பிள் கீபோர்டுல அதுதான். புதுசா ஒண்ணை உருவாக்குறதைவிட, ஏற்கெனவே இருக்கிற சரியான குறியைக் கண்டுபிடிக்கிறதும் டிசைன்தான். கீபோர்டுச் சின்னங்களுக்குன்னே ஐ.எஸ்.ஓ. 9995 தரத்துல ஒரு பகுதி இருக்கு. லாக்குன்னா பூட்டு, மைக்னா மைக். அதுல புதுமை காட்டப் போய், பார்க்கிறவங்களுக்கு விடுகதை போடாதீங்க.

நம்ம ஊர்லயே பாடம் வேணுமா? குற்றாலத்துல அருவிக் குளியல் முடிஞ்சதும் சித்திர சபைக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. நடராசரோட ஐந்து சபைகள்ல ஒண்ணு அது. அங்கே சாமியே சுவர் ஓவியமாத்தான் இருக்கார். ஓவியங்களைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. நகை, மடிப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே, தூக்கின காலும் விரிஞ்ச கையும் யார்னு சொல்லிடும். முதல்ல வெளிக்கோடு பேசணும். நுணுக்கம் எல்லாம் அப்புறம்தான்.

வரையுற முறை: செலவு பூஜ்யம்

இன்க்ஸ்கேப் இலவச மென்பொருள். அது சேமிக்கிற எஸ்.வி.ஜி. ஃபைல்தான் நமக்கு வேணும். போட்டோ மாதிரி புள்ளிகளா இல்லாம, கோடுகளோட கணக்கா இருக்கிற ஃபைல் அது. எவ்வளவு பெருசாக்கினாலும் பிசிறு வராது.

முதல்ல அளவு. கீபோர்டுல ஒரு கீயோட நடுவுல இருந்து அடுத்த கீயோட நடுவு வரைக்கும் 19.05 மி.மீ. கீகேப் கீழே அகலமாவும் மேல குறுகலாவும் இருக்கிறதால, அச்சடிக்கக் கிடைக்கிற இடம் அதைவிட நல்லாவே குறைவு. உங்க கீகேப்போட மேல்பரப்பை ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க.

ஒரு வசதியான கணக்கு சொல்றேன். 24-க்கு 24 கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு 0.4 மி.மீ. வச்சுக்கோங்க. மொத்தம் 9.6 மி.மீ. ஓரத்துல நாலு பக்கமும் 2 கட்டம் விட்டா, வரைய 20 கட்டம் கிடைக்கும். அது சரியா 8 மி.மீ. கோட்டோட தடிமன் எல்லாச் சின்னத்துலயும் 2 கட்டம், அதாவது 0.8 மி.மீ. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இடைவெளியும் குறைஞ்சது 2 கட்டம். ₹ சின்னத்தோட ரெண்டு படுக்கைக் கோட்டுக்கும் இது ரொம்ப முக்கியம். மை கொஞ்சம் பரவினாலும் அந்த வெள்ளை இடைவெளி பிழைக்கணும். அது அடைஞ்சு போச்சுன்னா ₹ அப்படிங்கிறது ஒரு கறுப்புக் கட்டியாயிடும்.

அப்புறம் இந்த அஞ்சு விஷயம்:

1. படத்தை டவுன்லோட் பண்ணி ஆட்டோ டிரேஸ் போடாதீங்க. ஒரு வட்டத்துக்கு நாலு புள்ளி போதும். டிரேஸ் போட்டா நூத்துக்கணக்குல புள்ளி வரும், ஓரம் நடுங்கும். வட்டம், சதுரம், கோடு வச்சே கட்டுங்க.

2. நேர்க்கோடு எல்லாம் கட்டத்து மேலயே உட்காரட்டும். மூலை வளைவு எல்லாச் சின்னத்துக்கும் ஒரே அளவு. ஆறு சின்னமும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கணும்.

3. அளவை நம்பி மட்டும் நடுவுல வைக்காதீங்க. முக்கோணமான 'பிளே' குறியை அளந்து நடுவுல வச்சா இடது பக்கம் சாய்ஞ்ச மாதிரி தெரியும். கொஞ்சம் வலது பக்கம் தள்ளணும். வட்டம் சதுரத்தோட அதே உயரத்துல இருந்தா சின்னதாத் தெரியும், லேசா பெருசாக்கணும். கண்ணுக்குச் சரியா இருக்கிறதுதான் சரி.

4. முடிச்சதும் கோடுகளை 'ஸ்ட்ரோக் டு பாத்' போட்டு வடிவமா மாத்துங்க, 'யூனியன்' போட்டு ஒண்ணாக்குங்க. எழுத்து இருந்தா அதையும் வடிவமாக்கிடுங்க. இல்லைன்னா அச்சடிக்கிறவங்க ஃபைலைச் சின்னதாக்கும்போது கோட்டுத் தடிமன் மட்டும் மாறாம நிக்கலாம். உங்க எழுத்துரு அவங்க கம்ப்யூட்டர்ல இல்லாம வேற எழுத்தா வரலாம்.

5. 100% அளவுல சாதாரணத் தாள்ல பிரிண்ட் எடுத்து, வெட்டி, கீ மேல வச்சு, நீங்க உட்கார்ற தூரத்துல இருந்து பாருங்க. கண்ணைச் சுருக்கிப் பாருங்க. என்னன்னு தெரியலைன்னா ஒரு கோட்டை எடுங்க. ஒண்ணைச் சேர்த்தா சரியாகும்னு தோணும். பெரும்பாலும் ஒண்ணை எடுத்தாதான் சரியாகும்.

தமிழ் எழுத்து போடணும்னா

இது நம்ம சொந்த வாய்ப்பு. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை 'தமிழ்99'. உயிர் 12, மெய் வரிசைக்கு அகரமேறிய எழுத்து 18, புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் சேர்த்து ஒரு கீ. மொத்தம் 31 கீ. உயிர் எழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலது கைப் பக்கம். 31 எழுத்தை ஒழுங்கா வரைஞ்சா ஒரு முழுத் தமிழ் செட் கையில இருக்கும்.

கஷ்டம் எங்கன்னா, நம்ம எழுத்துக்கள் எல்லாம் ஒரே அகலம் கிடையாது. 'ர' ஒல்லி, 'ஔ', 'ண' ரெண்டும் அகலம், சுழியும் இருக்கு. எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள அமுக்கினா 'ண'வோட சுழி அடைஞ்சு போகும். எழுத்து உயரத்தை எல்லாத்துக்கும் ஒண்ணா வச்சு, அகலத்தை அதது போக்குல விடுங்க. அதிலும் ஒரே கீயில இங்கிலீஷ் எழுத்தும் தமிழ் எழுத்தும் வேணும்னா இடம் பாதியாயிடும். அப்போ 8 மி.மீ. படத்தை 4 மி.மீ.க்குச் சுருக்கினா 0.8 மி.மீ. கோடு 0.4 ஆயிடும், இடைவெளியும் அப்படித்தான். சுருக்காதீங்க; சின்ன அளவுக்குன்னு தனியா வரைங்க. இந்த ஒரு வேலையைச் செய்யாம விட்டதால வீணாப் போன செட்டுகள் நிறைய.

எழுத்துருவை எடுத்துப் போடுறதா இருந்தா உரிமத்தைப் பாருங்க. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் மாதிரியானவை திறந்த எழுத்துரு உரிமத்துல வர்றவை. அச்சடிச்ச பொருளை விக்கவும் தடை இல்ல. கம்ப்யூட்டரோட சேர்ந்து வந்த எழுத்துரு எல்லாத்துக்கும் இதே அனுமதி இருக்கும்னு நினைச்சுடாதீங்க.

எப்படி அச்சடிப்பாங்க, எதுக்குக் காசு போகும்?

'டபுள் ஷாட்'னா எழுத்து ஒரு பிளாஸ்டிக், கீ ஒரு பிளாஸ்டிக். ரெண்டையும் அச்சுல வார்ப்பாங்க. எழுத்து அழியவே அழியாது. ஆனா புதுச் சின்னம் ஒவ்வொண்ணுக்கும் தனி அச்சு வேணும். பத்து, இருபது பீஸுக்குக் கட்டுப்படியாகாது.

'டை சப்ளிமேஷன்'னா சூட்டுல மையைப் பிளாஸ்டிக்குக்குள்ள ஏத்துறது. இதுக்கு பி.பி.டி. பிளாஸ்டிக் வேணும், அது உருக 220 டிகிரி செல்சியஸைத் தாண்டணும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 105 டிகிரிப் பக்கமே இளக ஆரம்பிச்சுடும், அதனால தாங்காது. பொதுவா வெளிர் நிற கீயில அடர் நிற எழுத்துக்குத்தான் இது சரி. குறைஞ்ச எண்ணிக்கைக்கு நல்ல வழி.

அடுத்தது லேசர், யு.வி. பிரிண்ட், ஸ்டிக்கர். ஸ்டிக்கர் மலிவு, ஆனா விரல் வேர்வையில ஓரம் தூக்கும். லேசருக்கு, கேடயம், விருது செய்யுற கடைகள்ல மெஷின் இருக்கானு தென்காசியிலேயே விசாரிங்க. பழைய, வீணாப்போன கீகேப் ஒண்ணைக் கொடுத்து முதல்ல அதுல சோதிக்கச் சொல்லுங்க. பி.வி.சி. ஸ்டிக்கரை மட்டும் லேசர்ல வைக்க விடாதீங்க. சூடானா விஷ வாயு வரும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சீசன் நேரத்துல கடைக்காரங்களுக்கு வேலை நெருக்கடி இருந்தா, அவங்க நேரம் பார்த்துப் போங்க.

எந்த ஆளுகிட்ட கொடுத்தாலும் ஆர்டருக்கு முன்னாடி கேட்க வேண்டியது: உங்க டெம்ப்ளேட் எது? குறைஞ்சபட்சக் கோடு, குறைஞ்சபட்ச இடைவெளி எவ்வளவு? எத்தனை பீஸுக்கு மேல எடுப்பீங்க? தப்பா வந்தா யார் செலவு? நாலுக்கும் பதில் எழுத்துல, வாட்ஸ்அப்லயாவது, வாங்கிக்கோங்க.

இப்போ வரவுக் கணக்கு

கையில 30,000 ரூபாய் சம்பளம் வாங்குறீங்கன்னு வைங்க. மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 208 மணி. உங்க ஒரு மணி நேரத்தோட விலை சுமார் 144 ரூபாய். ஆறு சின்னம் ஒழுங்கா வரைய 20 மணி நேரம் ஆச்சுன்னா, நீங்க போட்ட முதல் 2,880 ரூபாய். கையில இருந்து காசு போகலைங்கிறதுக்காக இது இலவசம் ஆயிடாது.

முதல் வழி, ஃபைலை மட்டும் விக்கிறது. உதாரணத்துக்கு விலை 150 ரூபாய், கட்டணம், கமிஷன் போக கையில 135. 22 பேர் வாங்கினா உங்க உழைப்புக்கான காசு வந்துடும். இருபத்து மூணாவது ஆள்ல இருந்து லாபம். விக்கலைன்னாலும் வீட்டுல சரக்கு தேங்காது.

ரெண்டாவது வழி, அச்சடிச்சு விக்கிறது. ஒரு செட் அடக்கம் 300 ரூபாய், 40 செட் எடுத்தா 12,000 ரூபாய் முன்பணம். விலை 450 வச்சா 27 செட் வித்தாதான் போட்ட காசு திரும்பும், அதுவும் உங்க உழைப்பைச் சேர்க்காம. 25-ல நின்னுட்டா வந்தது 11,250; கையில 750 ரூபாய் நஷ்டமும், அலமாரியில 15 டப்பாவும். ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுங்கிறது அருவிக்கரைக்கு மட்டும் இல்ல.

இந்த ரெண்டுக்கும் நடுவுல நம்ம ஊர்க்காரங்க கவனிக்க வேண்டிய ஒரு கோடு இருக்கு. செங்கோட்டை, புளியரை தாண்டினா கேரளா. ஜி.எஸ்.டி.யில, தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விக்கிறவங்களுக்குப் பதிவு வரம்பு வருஷ விற்பனை 40 லட்சம். ஆனா வேற மாநிலத்துக்குப் பொருள் வித்தா, சில கைவினைப் பொருட்கள் மாதிரியான விலக்கு தவிர, தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் பதிவு கட்டாயம். சென்னைக்கு அனுப்புற ஒரு செட்டுக்கு இல்லாத விதி, கூப்பிடு தூரத்துல இருக்கிற புனலூருக்கு அனுப்பினா வந்துடும். சேவைக்கு அப்படி இல்ல: 20 லட்சம் வரைக்கும் வேற மாநிலத்துக்குச் செஞ்சாலும் பதிவு கட்டாயம் இல்ல. வரைஞ்சு குடுக்கிறதும் ஃபைலும் சேவைப் பக்கம், பிளாஸ்டிக் பொருள் பக்கம். ஆன்லைன் மார்க்கெட் மூலமா விக்கிறதுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. தொடங்குறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உட்கார்ந்து பேசிடுங்க.

வருமான வரியிலயும் இந்தப் பணத்தைக் காட்டணும். தொழில் வருமானம் இருந்தா சம்பளக்காரங்களுக்கான எளிமையான ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. தனி வங்கிக் கணக்கு ஒண்ணு வச்சு, வரவு, செலவு ரசீதை மாசாமாசம் ஒரு ஷீட்ல ஏத்திடுங்க.

கோடு யாருக்குச் சொந்தம்?

கட்டுரையோட முக்கியமான இடம் இதுதான். நாலு விஷயம்.

ஒண்ணு, வேலை ஒப்பந்தம். வேற ஒப்பந்தம் இல்லைன்னா, நீங்க வேலையோட பகுதியா செஞ்ச படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். பதிப்புரிமைச் சட்டம், 1957 பிரிவு 17 சொல்றது அது. ஆஃபீஸ் லேப்டாப்ல, ஆஃபீஸ் நேரத்துல, ஆஃபீஸ் சாஃப்ட்வேர்ல இதை வரையாதீங்க. நீங்களே கம்பெனியில டிசைனர்னா இன்னும் கவனம். பக்க வருமானத்துக்கு அனுமதி வேணும்னு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல இருந்தா, எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேட்டு வாங்கிடுங்க. 3,000 ரூபாய் வரவுக்காக 30,000 ரூபாய் வேலையைப் பணயம் வைக்க வேண்டாம்.

ரெண்டு, அடுத்தவங்க லோகோ. விண்டோஸ், ஆப்பிள் குறியோ, சினிமா, கிரிக்கெட் டீம் சின்னமோ உங்க சொந்தக் கீபோர்டுக்குத் தாண்டி, விக்கிறதுக்கு எடுக்காதீங்க. அரசுச் சின்னமான சிங்கத் தூணையும் தொடாதீங்க.

மூணு, இது பல பேருக்குத் தெரியாது: டிசைன்ஸ் சட்டம், 2000-ல பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாம விட்டு, அதைத் தொழில்முறையில 50 தடவைக்கு மேல நீங்களோ உங்க அனுமதியோட வேறொருத்தரோ உற்பத்தி பண்ணினா, அந்த வடிவமைப்பு மேல உள்ள பதிப்புரிமை முடிஞ்சிடும். பிரிவு 15. உங்க சின்னம் இந்த விதிக்குள்ள வருமாங்கிறது விஷயத்துக்கு விஷயம் மாறும், அதனால பெரிய ஆர்டர் வர்றப்போ வக்கீலைக் கேளுங்க. பதிவு செஞ்சா 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5 வருஷம் பாதுகாப்பு. ஆனா வெளியிட்ட பிறகு பதிவு பண்ணினா புதுமை போயிடும். பதிவு பண்ற எண்ணம் இருந்தா, இன்ஸ்டாகிராம்ல போட்டோ போடுறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க.

நாலு, வித்துக் குடுக்கும்போது என்ன குடுக்கிறீங்கனு எழுதிக்கோங்க. "ஒரு ஆள், சொந்தப் பயன்பாடு" ஒரு விலை. "அச்சடிச்சு விக்கலாம், இத்தனை பீஸ் வரைக்கும்" வேற விலை. முழு உரிமையையும் எழுதிக் குடுக்கிறதுன்னா எல்லாத்தையும் விட அதிக விலை. உரிமையை மாத்திக் குடுக்கிறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்னும், எந்த இடம்னு எழுதலைன்னா இந்தியா முழுக்கன்னும் சட்டம் எடுத்துக்கும்.

இந்த மாசத்துக்கான வேலை

முதல் வாரம் கீபோர்டை அளந்து, ஆறு சின்னத்தைப் பென்சில்ல வரைங்க. ரெண்டாவது வாரம் இன்க்ஸ்கேப். மூணாவது வாரம் தாள்ல பிரிண்ட் எடுத்து, கூட வேலை பார்க்கிற அஞ்சு பேர்கிட்ட காட்டி, "இது என்ன?"னு மட்டும் கேளுங்க, நீங்க விளக்கம் சொல்லக் கூடாது. நாலு பேர் சரியா சொன்னா பாஸ். நாலாவது வாரம் ஒரே ஒரு கீயை அச்சடிச்சு, பத்து நாள் தட்டிப் பாருங்க. இதுக்கான செலவை உங்க ஹாபி பட்ஜெட்டுக்குள்ளேயே முடிங்க, எஸ்.ஐ.பி.யையும் அவசர நிதியையும் தொடாதீங்க.

அந்த ஒரு கீ சரியா வந்துச்சுன்னா, விக்கிறதைப் பத்தி அப்போ யோசிக்கலாம். வரலைன்னா நீங்க இழந்தது ஒரு கீயோட காசு மட்டும்தான். அந்த எஸ்.வி.ஜி. ஃபைலை வரைஞ்ச தேதியோட பத்திரமா ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. பிளாஸ்டிக் என்னைக்கு வேணும்னாலும் வாங்கிக்கலாம். கோடு உங்க பேர்ல இருக்கட்டும்.